சேதுக் கரையில் இரண்டு நாள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர், 2025 டிசம்பர் 2

அரையாண்டு விடுமுறையில் மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், எழுபது வயதைத் தாண்டிய தகப்பனார் ஆகியோருடன் காரில் இராமேசுவரம் செல்ல இருக்கிறேன். இரண்டு பகல், ஓர் இரவு. கோயிலும் தனுஷ்கோடியும் பார்த்தவைதாம். இம்முறை மகளுக்கு வரலாறு புரியும்படி பயணம் அமைய வேண்டும் என்பது ஆசை. ஆனால் கோயிலைத் தவிர அந்தப் பக்கத்தில் வரலாறு என்று பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. விவரம் அறிந்த ஐயா யாரேனும் சொல்லவும்.

டிசம்பர் 2, இரவு

ஒன்றும் இல்லை என்று தோன்றுவதற்குக் காரணம், நாம் அந்தக் கரையைத் தலமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அது ஒரு வாசல் என்பதை மறந்துவிட்டோம். ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா, நடுவே தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை மணல்திட்டுகள். பெரிய கப்பல் எதுவும் அந்தத் திட்டுகளைக் கடக்க முடியாது. அதனால்தான் இன்றும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் சரக்குக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சிறிய மரக்கலங்களுக்கு மட்டும் பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு குறுகிய வழி உண்டு. அந்த வழியை யார் வைத்திருந்தார்களோ அவர்களை மதுரையில் ஆண்டவர்களும் கேட்க வேண்டியிருந்தது, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தவர்களும் கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கேள்வியை மகளிடம் கொடுத்துவிடுங்கள்: இந்த வாசலை யார் காத்தார்கள், யார் அதைக் கேட்டு வந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இடத்துக்கு மட்டும் போங்கள். மற்றவை எவ்வளவு புகழ் பெற்றவையாக இருந்தாலும் இம்முறை வேண்டாம். பயணத்தை இராமேசுவரத்தில் தொடங்காதீர்கள்; இராமநாதபுரத்தில் தொடங்குங்கள்.

டிசம்பர் 3, காலை

இராமநாதபுரத்தில் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைக்காரர்கள் பெரும்பாலும் அந்த ஊரைப் புறவழிச்சாலையில் கடந்துவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மானாமதுரை, பரமக்குடி வழியாக ஏறக்குறைய 115 கி.மீ.; வழியில் காலை உணவு முடித்துக்கொண்டு ஒன்பதரைக்குள் அரண்மனை வாசலில் நிற்கலாம்.

பரமக்குடியைத் தாண்டிய பிறகு சத்திரக்குடிப் பக்கத்தில் போகலூர் இருக்கிறது. இந்தச் சேதுக் கரையை ஆண்ட சேதுபதிகளின் முதல் தலைநகரம் அதுதான். இறங்கிப் பார்க்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டே மகளிடம் சொல்லலாம். 1605இல் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தியதன் நோக்கமே சேது வழியில் யாத்திரிகர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான். காவல் பதவியாகத் தொடங்கிய அது நூறு ஆண்டுகளுக்குள் மதுரைக்கே சவால் விடும் அரசாக வளர்ந்தது. தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர் கிழவன் சேதுபதி. அவர் 1702இல் மங்கம்மாளின் படையை முறியடித்தார். மதுரைத் தளவாய் நரசப்பய்யன் அந்தப் போரில் இறந்தார். மங்கம்மாள் சத்திரத்தையும் சாலையையும் தினமும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தோல்வியும் தெரிந்திருக்க வேண்டும்.

சேதுபதிகளின் தர்பார் மாளிகையான இராமலிங்க விலாசம் அரண்மனை வளாகத்துக்குள் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை பராமரிக்கிறது. படிகளில் ஏறியதும் நீண்ட தர்பார் மண்டபம். அதைத் தாண்டி உள்ளே செல்லச் செல்லச் சுவர், விதானம், தூண் என்று ஓர் அங்குலம் விடாமல் ஓவியம். 18ஆம் நூற்றாண்டின் முதற் கால் பகுதியில், முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தில் தீட்டப்பட்டவை. இராமாயண, பாகவதக் காட்சிகள் பல உண்டு. அவற்றை முதலில் பார்த்தால் நேரம் அதிலேயே போய்விடும். மூன்று காட்சிகளைத் தேடிப் பிடியுங்கள். மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் சேதுபதிக்கு இரத்தின முடிசூட்டும் காட்சி ஒன்று. தஞ்சை மராத்தியரோடு நடக்கும் போர் மற்றொன்று. தொப்பியும் நீள அங்கியும் அணிந்த ஐரோப்பியர்கள் சேதுபதியின் முன்னிலையில் நிற்கும் காட்சி மூன்றாவது. நான் கேட்கச் சொன்ன கேள்விக்கான விடை இந்த மூன்று சுவர்களிலும் எழுதி வைத்தது போல் இருக்கிறது. மேலே யார் ஒப்புக்கொண்டார்கள், பக்கத்தில் யார் பகைத்தார்கள், கடல்வழியாக யார் வந்து காத்திருந்தார்கள் என்பதை அரசரே தம் வீட்டுச் சுவரில் வரையச் சொல்லியிருக்கிறார்.

பரமக்குடியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பிற்பகலில் நான் அங்கே நின்றிருந்தபோது, காவலர் ஒருவர் சாத்தியிருந்த சாளரக் கதவைத் திறந்துவிட்டார். அதுவரை மங்கலான காவி நிறமாகத் தெரிந்த சுவரில், காட்சிகளுக்குக் கீழே ஓடும் தமிழ் எழுத்து வரிகள் அப்போதுதான் கண்ணுக்குப் புலப்பட்டன. காலை வெளிச்சத்தில் போகச் சொல்வது அதனால்தான். மகளை அந்த வரிகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துகள் பாதி புரியும், பாதி புரியாது. அந்தப் பாதியே அவளை இழுக்கும்.

டிசம்பர் 3, இரவு

மேலே எழுதியதோடு சேர்க்க வேண்டியது: தொல்லியல் துறையின் அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறையும் அரசு விடுமுறையும் உண்டு. அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸ் நாளும் வருகிறது. கிளம்பும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இடம் மூடியிருந்தால் முதல் நாளின் உயிர் போய்விடும். நாளை மாற்றினாலும் சரி, இதைத் தவற விட வேண்டாம்.

டிசம்பர் 5

போகிற வழியில் கீழடியைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கே.கே. நகர் நண்பர் கேட்கிறார். எனக்கும் முதலில் அந்த எண்ணம் இருந்தது. வைகையின் மேல்பகுதியில் கீழடி, அதே ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே அழகன்குளம் என்று இரண்டையும் ஒரு கோட்டில் இணைப்பது கேட்பதற்கு மிகவும் அழகாக இருக்கிறது. அழகன்குளத்தில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்கள், ரௌலட் வகை (உள்ளே வட்டக் கோலம் பதித்த) பானை ஓடுகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு ஆகியவை கிடைத்தன. மதுரைக்குக் கடல்வழியாக வந்த பொருள்கள் இறங்கிய இடங்களில் அது ஒன்று.

ஆனால் யோசித்துப் பார்த்தால் கீழடி அருங்காட்சியகத்துக்கு நிதானமாக இரண்டரை மணி நேரமாவது வேண்டும். அங்கே போய்விட்டு இராமநாதபுரத்துக்கு வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும், தகப்பனார் களைத்துவிடுவார். திருமங்கலத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழடிக்குத் தனியாகவே போய்வரலாம். இதற்குள் அதைத் திணிக்க வேண்டாம்.

டிசம்பர் 6

நீங்கள் சொல்லாமலே ஒன்று செய்யலாம். பயணத்துக்கு முந்தைய வாரம் மகளைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துச் செல்லுங்கள். பார்த்த இடம்தானே என்பீர்கள். அந்தத் தூண்களின் கீழ் நின்று, இங்கே கொலுவிருந்தவர் பாம்பன் கடலைக் கடக்கப் படை அனுப்பினார் என்று சொன்னால் அந்த மகால் வேறு மாதிரி தெரியும்.

கதை இதுதான். தளவாய் சேதுபதி என்று அழைக்கப்பட்ட இரண்டாம் சடைக்கத் தேவர் 1635இல் பட்டத்துக்கு வந்தார். அவருடைய உறவினரான தம்பித் தேவர் தமக்கே உரிமை என்று மதுரையிடம் முறையிட, திருமலை நாயக்கர் அவர் பக்கம் நின்று, தளபதி இராமப்பய்யனைப் பெரும்படையோடு அனுப்பினார். சேதுபதி நிலத்தில் நின்று தோற்கவில்லை. பின்வாங்கித் தீவுக்குள் போய்விட்டார். அங்கேதான் இந்தக் கரையின் பூகோளம் வரலாறாக மாறுகிறது. தீவுக்குள் போனவரைப் பிடிக்க நாயக்கர் படைக்குக் கடலைத் தாண்ட வேண்டும். அதற்கான கப்பல் நாயக்கரிடம் இல்லை. போர்ச்சுகீசியரின் கப்பல்கள் துணைக்கு வந்தன. பாம்பன் நீர்வழியில் கல்லும் மண்ணும் கொட்டி அணை அமைத்துப் படை கடந்தது. சேதுபதியின் மருமகன் வன்னியன் தீவைக் காத்துப் போரிட்டு, இறுதியில் அம்மை நோயால் இறந்தார். சேதுபதி சிறைப்பட்டு மதுரைக்குக் கொண்டுவரப்பட்டார். இவ்வளவையும் மக்கள் அம்மானை என்னும் கதைப்பாடலாகப் பாடினார்கள். இராமப்பய்யன் பெயரில் உள்ள அந்த அம்மானை இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேதுபதி சிறையில் இருக்க, சேது வழியில் ஒழுங்கு குலைந்து யாத்திரிகர்கள் துன்பப்பட்டதால் நாயக்கரே அவரை விடுவித்துத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. போரில் வென்றவரால்கூட அந்த வாசலைத் தாமே காக்க முடியவில்லை. பின்னர் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து மக்களின் மூக்கை அறுத்தபோது, நாயக்கரைக் காப்பாற்ற மதுரைக்குப் படையோடு வந்தவரும் ஒரு சேதுபதிதான். அதற்கு நன்றியாகவே அவருக்குத் திருமலை சேதுபதி என்று தம் பெயரையே நாயக்கர் கொடுத்தார். இராமேசுவரம் கோயிலின் இரண்டாம் திருச்சுற்றில் திருப்பணி செய்தவர் இவர். இரண்டாம் நாள் கோயிலின் நீண்ட பிரகாரத்தில் நடக்கும்போது, தூண்களை எண்ண விடாமல், தூண்களோடு கைகூப்பி நிற்கும் சேதுபதிகளின் உருவங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் 7

நாயக்கர் காலத்துக்கு முன்பு ஒன்றும் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. அதற்கும் இடம் தீவிலேயே இருக்கிறது: பாம்பனுக்குத் தெற்கே குந்துகால்.

12ஆம் நூற்றாண்டில் பாண்டிய அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினார்கள். மதுரையில் முற்றுகையிடப்பட்ட பராக்கிரமன் இலங்கை வேந்தன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வருவதற்குள் மதுரை விழுந்து அவன் கொல்லப்பட்டான். ஆனாலும் தண்டநாயகன் (படைத்தலைவன்) இலங்காபுரன் தலைமையில் சிங்களப் படை வந்து இறங்கியது, இராமேசுவரத்தைப் பிடித்தது, குந்துகாலில் கோட்டை கட்டியது. இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் இதை விரிவாகச் சொல்கிறது. சோழர் உதவியோடு குலசேகரன் திரும்பி வந்தபின், இலங்காபுரன் முதலிய தண்டநாயகர்களின் தலைகளை மதுரை வாசலில் அறைந்து வைத்ததாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு கூறுகிறது. மதுரையின் கோட்டை வாசலில் தொங்கிய தலைகள் பாம்பன் கரையில் இறங்கியவை. இரண்டு ஊரையும் இதைவிட நெருக்கமாக இணைக்கும் செய்தி எனக்குத் தெரியாது.

அதே குந்துகாலில் இன்று விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறது. மேல்நாட்டுப் பயணம் முடித்துக் கொழும்பு வழியாக 1897 ஜனவரி 26 அன்று அவர் பாம்பனில் வந்திறங்கினார். பாஸ்கர சேதுபதி வரவேற்றார். அங்கிருந்து இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை என்று அவர் போன வழி, நீங்கள் திரும்பி வரப்போகும் வழிதான். மாலை நான்கு மணிக்கு மேல் குந்துகாலுக்குப் போனால் காற்று நன்றாக இருக்கும். தகப்பனார் உட்கார்ந்திருக்கவும் வசதி.

டிசம்பர் 9

சிறிய சேர்க்கை. இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், உச்சிப்புளிக்கு அப்பால் வேதாளை என்று ஒரு பெயர்ப்பலகை வரும். 1538இல் போர்ச்சுகீசியக் கப்பல்படையும் முஸ்லிம் கடல் வணிகர்களான மரக்காயர்களின் கப்பல்படையும் மோதிக்கொண்டது அந்தக் கரையில்தான். முத்துக்குளிப்புக் கரை முழுவதும் யார் கைக்குப் போவது என்பதை அந்த மோதல் பெருமளவு தீர்மானித்துவிட்டது. 1549இல் அதே ஊரில் அந்தோணி கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு, வடுகப் (தெலுங்குப்) படையால் கொல்லப்பட்டார். ஒரு போர்க்களத்துக்குரிய அடையாளம் எதையும் இன்று அங்கே காண முடியாது. வலைகள் உலரும் கடற்கரைக் கிராமம். ஆயினும் வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்திக் கடலைக் காட்டத் தகுந்த இடம்.

டிசம்பர் 10

தகப்பனாருக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை முதலிலேயே தெரிந்துகொண்டது நல்லது. இரண்டாம் நாளை மாற்றுகிறேன்.

பாலத்தை அவர் உட்கார்ந்தபடியே பார்க்க ஒரு வழி இருக்கிறது. திரும்பும்போது அவரையும் பேத்தியையும் இராமேசுவரத்தில் மதுரைப் பயணிகள் ரயிலில் ஏற்றிவிடுங்கள். நீங்களும் மனைவியும் காரில் வந்து மண்டபத்திலோ இராமநாதபுரத்திலோ அவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் ரயில் போகிறது, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் உயரம் வரை நேராக மேலெழும். பக்கத்திலேயே 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பழைய பாலம். அதன் தூக்குப் பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து எழுந்தது. இருபுறமும் ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் அதைத் தூக்கினார்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்த அந்த இரும்பை ரயில் சன்னலிலிருந்து மிக நெருக்கத்தில் பார்க்கலாம். பழைய பாலம் நிற்கும்போதே மகளுக்குக் காட்டிவிடுங்கள்.

சாலைப் பாலம் 1988இல் திறந்தது. அதுவரை தீவுக்குப் போக ரயிலும் படகும்தான் என்பதைத் தகப்பனாரே சொல்வார். அவரைப் பேச விடுங்கள். நாம் எழுதுவதைவிட அவர் நினைவில் இருப்பது பெரிது. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் நிறைய. நீங்கள் நிறுத்த வேண்டாம். ஆபத்தானது, பின்னால் வரும் பேருந்துகளுக்கும் தொல்லை.

டிசம்பர் 12

தனுஷ்கோடியை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு: விட வேண்டாம். ஆனால் அரிச்சல்முனை வளைவில் படம் எடுத்துத் திரும்பும் பயணமாக அது இருக்கக்கூடாது.

பெரும்பாலோர் புயலை மட்டும் சொல்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த பயணிகள் ரயில், ஊரைத் தொடும் முன்பே அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சிதைந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீர்செய்தது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. அந்த ஊர் எதற்காக அங்கே இருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 1914இல் பாலம் வந்ததும் போட் மெயில் என்ற ரயில் சென்னையிலிருந்து நேராக தனுஷ்கோடி துறைமுகத்துக்கு வந்தது. பயணிகள் கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கி அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். இரண்டு நாட்டை ஒரே பயணச்சீட்டு இணைத்தது. மணலில் இடிந்து நிற்கும் அந்த நிலையமும் தேவாலயமும் ஒரு சர்வதேச எல்லை ஊரின் மிச்சங்கள். இப்படிச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

அந்த ரயிலில் சுற்றுலாப் போனவர்களைவிடத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அதிகம். மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையப் பெயரில் உள்ள கேம்ப், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காகத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய முகாம். பின்னாளில் அதே இடம் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு முகாமாயிற்று. போனவர்களுக்கும் வந்தவர்களுக்கும் ஒரே வாசல். என் தாய்மாமன் குடும்பம் அந்த வழியாகத்தான் கண்டிப் பக்கம் போய், தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்க வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, கப்பல் தனுஷ்கோடியிலிருந்து இராமேசுவரத்துக்கு மாறியிருந்த காலத்தில் திரும்பி வந்தது. ஒரு தகரப் பெட்டியும் தையல் இயந்திரமும்தான் அவர்கள் கொண்டுவந்த சொத்து. அந்தப் பெட்டியின் மூடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய பெயரும் எண்ணும் நான் பள்ளியில் படித்த காலம் வரை அழியாமல் இருந்தன. ஆகவே தனுஷ்கோடியில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் போக்குவரத்துதான், அதன் பிறகுதான் புயல்.

1964 அக்டோபர் 30இல் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு மாதம் முடிவதற்குள் புயல் வந்தது. இலட்சக்கணக்கானோர் கடந்து வர வேண்டிய நேரத்தில் துறைமுகமே இல்லாமல் போனது. இந்த இரண்டு தேதிகளையும் மகளின் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள்.

நேரம்: காலை ஏழு மணிக்குள் போனால் கூட்டமில்லை, வெயிலும் இல்லை. அரிச்சல்முனை வரை சாலை இருப்பதால் தகப்பனார் வண்டியைவிட்டு இறங்கத் தேவையில்லை. மாலையில் இருட்டும் முன்பே காவலர்கள் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டிசம்பர் 13

கச்சத்தீவைப் பற்றி இங்கே காரசாரமாக எழுதியிருக்கிறார்கள். பயணத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். அந்தத் தீவு சேதுபதிகளின் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. 1974 ஒப்பந்தத்தால் இலங்கைக்குப் போயிற்று. அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் பதிவு செய்து படகில் போகலாமே தவிர, மற்ற நாளில் வழியில்லை. மகள் கேட்கும் கேள்விகளில் இது கட்டாயம் இருக்கும். ஜமீன் என்ற சொல்லிலிருந்து தொடங்கி விளக்கினால் புரியும்.

அதற்கும் இராமலிங்க விலாசத்துக்கும் தொடர்பு இருக்கிறது. 1772இல் ஆர்க்காட்டு நவாபும் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனி) படையும் கோட்டையைப் பிடித்தபோது முத்துராமலிங்க சேதுபதி ஏறக்குறைய உங்கள் மகள் வயதுச் சிறுவர். தாயோடு திருச்சியில் பல ஆண்டுகள் சிறை. விடுதலையாகி ஆண்டவரைக் கும்பினி 1795இல் மீண்டும் பதவியிறக்கியது; 1809இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். 1803இல் அரசு ஜமீனாயிற்று. இடையில் 1798இல் கட்டபொம்மன், கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்துக் கைகலப்பில் முடிந்ததும் இதே அரண்மனையில்தான். பெரியவர்கள் கட்டபொம்மன் பெயரைச் சொன்னதும் நின்று கேட்பார்கள். சிறுவயதில் சிறை போன அந்தச் சேதுபதியின் பெயரையும் சொல்லுங்கள்.

மணல்திட்டை வெட்டிக் கப்பல் கால்வாய் அமைக்கும் சேது சமுத்திரத் திட்டத்தைக் கேட்டவருக்கு: 1860லேயே டெய்லர் என்ற ஆங்கிலேயர் முன்வைத்த யோசனை அது. 2005 ஜூலை 2 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தது நம் மதுரையில். மணல்திட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. கப்பல்களும் சுற்றியே போகின்றன.

டிசம்பர் 15

திரும்பும் நாள் பிற்பகலுக்கு அழகன்குளமா கீழக்கரையா என்பதில் எனக்கே இரண்டு மனம் இருந்தது. அழகன்குளத்தின் பெருமையை மேலே எழுதினேன். ஆனால் குழிகள் மூடப்பட்டுவிட்ட இடத்தில் நின்று தென்னந்தோப்பைக் காட்டி ரோமானிய நாணயம் என்று சொன்னால் பிள்ளைக்கு எதுவும் ஒட்டாது. நீங்கள் தனியாக ஒருமுறை போய் ஆற்றங்கரையில் வைகையின் முகத்துவாரத்தைப் பாருங்கள். இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும் வைகை, மிகுந்த வெள்ளக் காலத்தில் மட்டும் கடலைத் தொடும் இடம் அது.

ஆகவே கீழக்கரை. இராமநாதபுரத்திலிருந்து தெற்கே 17 கி.மீ. அளவு, வழியில் திருப்புல்லாணி. கிழவன் சேதுபதியின் நண்பரும் பெருவணிகருமான சீதக்காதியின் ஊர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சொல்கிறோமே தவிர, அவருடைய கப்பல்கள் வங்காளம் வரை மிளகும் துணியும் கொண்டு போனதையும், டச்சுக் கம்பெனி அவரோடு போட்டி போட முடியாமல் சேதுபதியிடம் முறையிட்டதையும் நினைப்பதில்லை. அவரோடு தொடர்புடைய ஜும்ஆ பள்ளிவாசலில் கோயில் மண்டபங்களில் இருப்பது போன்ற கல்தூண்கள் நிற்கின்றன: போதிகை (தூணின் தலைப்பகுதி), பூ வேலைப்பாடு எல்லாம் நம் சிற்பிகளின் கை, உருவங்கள் மட்டும் இல்லை. முதல் நாள் காலையில் பார்த்த ஓவியமும், இரண்டாம் நாள் பிரகாரத் தூணும், இந்தப் பள்ளிவாசல் தூணும் ஒரே அரசின் காலச் சுற்றுக்குள் வருபவை. தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு, தலையை மூடிக்கொண்டு போங்கள். மனைவியும் மகளும் எதுவரை வரலாம் என்று வாசலில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளவும். வரும்போது தொதல் என்னும் இனிப்பை வாங்க மறக்காதீர்கள்.

டிசம்பர் 18

வரிசை கேட்டதால்: முதல் நாள் இராமலிங்க விலாசம், மதிய உணவு, வேதாளை, பாம்பனில் பாலம், மாலை குந்துகால், இரவு இராமேசுவரம். மறுநாள் விடியலில் தனுஷ்கோடி, பிறகு கோயில் திருச்சுற்று, ரயிலில் பாலம் கடத்தல், கீழக்கரை, வீடு. ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும் காலம் என்பதால் விடுதியை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும் என்று தகப்பனார் விரும்பினால் கீழக்கரையை விட்டுவிடுங்கள். அவர் விருப்பம் முதலில். கீழக்கரை எங்கேயும் போய்விடாது.

டிசம்பர் 19

ஓரியூரைச் சேர்க்காதது ஏன் என்று தேவகோட்டை அன்பர் வருத்தப்பட்டிருக்கிறார். அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோவை 1693 பிப்ரவரி 4 அன்று கிழவன் சேதுபதியின் ஆணைப்படி தலைவெட்டிய இடம்; சிவந்த மணலை மக்கள் இன்றும் நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். சேதுபதியை நண்பராகவும் காவலராகவும் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அதே அரசரின் இந்த முகமும் தெரிய வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அது திருவாடானைப் பக்கம். இராமநாதபுரத்திலிருந்து வடக்கே ஒரு முழு அரைநாள். மகளுக்கு ஆர்வம் நிலைத்தால் கோடைக்கு முன் ஒரு நாள் சிவகங்கை, காளையார்கோயில் வழியாக ஓரியூர், தொண்டி என்று போய்வாருங்கள். திரும்பும்போது ஆர்.எஸ். மங்கலம் வழியைப் பிடித்தால், நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாயையும் பார்த்துவிடலாம். தண்ணீர் நிற்கும் மாதமாகப் பார்த்துக் கிளம்புங்கள்.